வாசகர் கேள்வி–பதில்: ஆடும் நிலமும் அறுபது வயது அணையும்

சென்ற இதழில் மலையக நீர்த்தேக்கங்களைப் பற்றி எழுதியபோது, பழைய அணைக்கட்டுகளை நில அதிர்வுக்கு ஈடுகொடுக்கும்படி பலப்படுத்துவது தனியாகப் பேச வேண்டிய விடயம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேள்விகளின் பொருளை மாற்றவில்லை.

திகனயிலிருந்து ஓர் ஆசிரியை: 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, சனிக்கிழமை இரவு, எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் சில தடவைகள் நிலம் அதிர்ந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீரே நிலத்தை ஆட்டுகிறது என்று சிலரும், கல்லுடைக்கும் குழிகளில் வெடி வைப்பதால்தான் என்று வேறு சிலரும் சொன்னார்கள். இலங்கையில் பூமியதிர்ச்சி வராது என்று படித்து, அதையே பிள்ளைகளுக்கும் படிப்பித்தவள் நான். இப்போது எதைச் சொல்லிக்கொடுப்பது? அணை தாங்குமா?

பதில்: "வராது" என்பதை "அரிது" என்று திருத்திச் சொல்லிக்கொடுங்கள். இலங்கை புவித்தட்டு ஒன்றின் உட்பகுதியில் இருக்கிறது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் விளிம்பு, சுமாத்திராவுக்கு அப்பால், ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் உள்ளது. ஆயினும் தட்டின் நடுவிலும் பழைய பிளவுகள் உண்டு, அவற்றில் அழுத்தம் சேர்வதும் உண்டு. 1615ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொழும்பைத் தாக்கிய நில அதிர்வு போர்த்துக்கேயர் காலத்துப் பதிவுகளில் பெரும் உயிர்ச்சேதத்தோடு இடம்பெற்றிருக்கிறது.

நீர்த்தேக்கம் நிலத்தை ஆட்டுமா என்ற கேள்வி கற்பனையானதல்ல. ஆழமான நீர்த்தேக்கம் ஒன்று நிரம்பும்போது நீரின் பாரம் ஒருபுறம் பாறையை அழுத்துகிறது. அதைவிட முக்கியமாக, நீர் மெல்ல மெல்லப் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, அவற்றை இறுகப் பிடித்து வைத்திருக்கும் உராய்வைக் குறைக்கிறது. ஏற்கெனவே நழுவுவதற்குக் காத்திருக்கும் பிளவுக்கு அது போதும். 1967ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கு அருகில் 6.3 அளவிலான அதிர்வு ஏற்பட்டு ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். அதுவும் அதுவரை நில அதிர்வுக்குப் பெயர்போகாத, தட்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த தக்காணப் பீடபூமியிலேயே நிகழ்ந்தது. நீர்த்தேக்கம் தூண்டிய அதிர்வுகளுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அதுதான்.

ஆனால் அணைக்குக் காரணம் முக்கியமில்லை. ஆட்டியது நீரா, வெடியா, பிளவா என்று அது கேட்பதில்லை. எவ்வளவு ஆட்டம் என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. அதிர்வின் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே 2 அளவான அதிர்வுக்கும் 6 அளவான அதிர்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மும்மடங்கல்ல, பத்து இலட்சம் மடங்கு. அலுமாரிக் கண்ணாடியைக் கிணுகிணுக்க வைக்கும் சிறு அதிர்வு ஒரு பெரிய அணையை ஒன்றும் செய்யாது. அதன் பயன் வேறு: அந்த இடத்தில் உயிருள்ள பிளவு ஒன்று இருக்கலாம் என்று அது சொல்லிவிட்டுப் போகிறது. பல்லேகலையில் இருக்கும் பதிவு நிலையம் போன்றவற்றின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

விக்டோரியாவைப் பொறுத்தவரை, அது 122 மீற்றர் உயரமான வளைவு அணை. வில்லைப் போல வளைந்து நின்று, நீரின் தள்ளுதலை இருபக்க மலைகளிலும் இறக்கிவிடுகிறது. இத்தகைய அணைகள் அதிர்வுக்கு நன்றாகவே தாங்கியிருக்கின்றன. அவற்றின் பலவீனம் கொங்கிறீட்டில் அல்ல, அது சாய்ந்திருக்கும் மலையில். கலிபோர்னியாவின் பக்கோய்மா என்ற வளைவு அணை 1971இலும் 1994இலும் இரண்டு கடும் அதிர்வுகளைக் கண்டது. இரு தடவையும் அணை நின்றது, ஆனால் இடது கரையில் அணையும் அதன் முனையைத் தாங்கும் கொங்கிறீட் தாங்கற்கட்டையும் சேரும் மூட்டு வாய் திறந்தது. இரண்டாவது தடவை அந்தத் திறப்பு ஏறத்தாழ 5 சென்றிமீற்றர். இடையில் அந்தக் கரைப் பாறையை உருக்கு வடங்களால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆகவே வளைவு அணை ஒன்றைப் பலப்படுத்துவதென்றால் அணையைத் தடிப்பாக்குவதல்ல, இரு கரைகளின் பாறையைக் கவனிப்பது: அதற்குள் ஊறும் நீரை வடியவிடுவதும், நழுவக்கூடிய பாறைத் துண்டங்களைப் பின்னாலுள்ள திடமான பாறையோடு பிணைப்பதும்.

நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர்: காசல்ரீ அணை கட்டப்பட்டபோது என் தகப்பனார் இளைஞர், இன்று எனக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய அணைகளைக் கம்பி போட்டுப் பாறையோடு கட்டிவிடலாம் என்று எங்கோ வாசித்தேன். அவ்வளவு பெரிய சுவரைக் கம்பியால் கட்டுவதென்றால் நம்ப முடியவில்லை. இது உண்மையா? உண்மையென்றால் எல்லா அணைகளுக்கும் அதையே செய்துவிடலாமே?

பதில்: உண்மைதான், ஐயா. ஆனால் கம்பிக்கு வருவதற்கு முன், அந்தச் சுவர் இப்போது எதனால் நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1965இல் முடிந்த காசல்ரீ, 1969இல் முடிந்த மவுசாகலை ஆகியவை எடையால் நிற்கும் கொங்கிறீட் அணைகள். வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ முக்கோணம். அவை நிற்பதற்குக் காரணம் சொந்தப் பாரமும், அடியில் பாறையோடு இருக்கும் பிடிப்பும்தான். கணக்குப் போட வசதியாக, 40 மீற்றர் ஆழ நீரைத் தாங்கும், அடியில் 32 மீற்றர் அகலமான ஓர் அணையைக் கற்பனை செய்துகொள்வோம். இது காசல்ரீயும் அல்ல, மவுசாகலையும் அல்ல, வெறும் மாதிரி. அதில் ஒரே ஒரு மீற்றர் நீளத் துண்டை எடுத்தால் அதன் எடை ஏறத்தாழ 1,540 தொன். நீர் அதைக் கிடையாகத் தள்ளும் விசை 800 தொன். பார்க்கும்போது எடை இரு மடங்குக்குக் கிட்டத்தட்ட இருப்பதால் கவலையில்லை என்று தோன்றும்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விசை ஒன்று உண்டு. நீர் அணையின் அடியிலுள்ள பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து, அணையைக் கீழிருந்து மேலே உதைக்கிறது. நீர் தேங்கி நிற்கும் மேற்பக்கத்தில் முழு அழுத்தமாகத் தொடங்கி, ஆறு இறங்கிப் போகும் கீழ்ப்பக்கத்தில் ஒன்றுமில்லாமல் முடியும் இந்த அடியுதைப்பை நமது மாதிரி அணைக்குக் கணக்கிட்டால் 640 தொன் வருகிறது. அதாவது 1,540 தொன் எடையில் 640 தொன்னை நீரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. பாறையை அழுத்தி உராய்வைத் தருவது மீதமிருக்கும் 900 தொன் மட்டுமே. இதைத் தடுக்கத்தான் அணைக்குள் நடந்து போகக்கூடிய ஆய்வுச் சுரங்கம் வைத்து, அதன் தரையிலிருந்து பாறைக்குள் வரிசையாகத் துளைகள் இடுகிறார்கள். அடியில் சேரும் நீர் அந்தத் துளைகளின் வழியே மேலெழுந்து, சுரங்கத்தின் ஓரத்து வாய்க்காலில் வழிந்து வெளியேறுகிறது. துளைகள் நன்றாக வேலை செய்தால் அடியுதைப்புப் பாதியாகக் குறைந்துவிடும். நமது அணைக்கு ஒவ்வொரு மீற்றரிலும் 320 தொன் எடை திரும்பக் கிடைத்த மாதிரி.

இப்போது நிலத்தை ஆட்டுவோம். புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்கு வேகவளர்ச்சியோடு நிலம் அசைந்தால், அணையின் சொந்த எடையே அதைக் கிடையாக 150 தொன்னுக்குச் சற்று அதிகமாகத் தள்ளும்; பின்னாலுள்ள நீரும் சேர்ந்து அடிப்பதால் இன்னும் ஏறத்தாழ 90 தொன். 800 தொன்னாக இருந்த தள்ளுதல் 1,040 தொன்னைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கூடுதல் விசை ஒரு வினாடிக்குள் பல தடவை திசை மாறுவதால் அணை உடனே நழுவிப் போய்விடாது. ஆனாலும் வடிகால் துளைகள் அடைபட்டுக் கிடக்கும் அணைக்கும் திறந்திருக்கும் அணைக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒரு காலத்தில் மின்விளக்கோடு ஓர் அணையின் ஆய்வுச் சுரங்கத்தில் நடந்து போனபோது, பாதிக்கும் மேற்பட்ட துளைகளின் வாயில் வெள்ளை வெளேரென்று சுண்ணப் படிவு கட்டியிருந்ததைப் பார்த்தவன் நான். எந்த அணை என்று சொல்லப் போவதில்லை. சுரங்கம் உலர்ந்திருப்பதைக் காட்டி, "எவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், ஒரு சொட்டு நீர் கசியவில்லை" என்று கூட வந்தவர் பெருமைப்பட்டார். கசியாததுதான் அங்கே நோய். கொங்கிறீட்டிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து வந்து, காற்றுப் பட்டதும் படிந்து, துளைகளை மெல்ல மெல்ல மூடிவிடுகிறது. அவற்றை மறுபடி துளைத்துத் திறப்பதற்கு ஒரு சிறு துளையிடும் இயந்திரமும், பொறுமையுள்ள நான்கு பேரும், சில மாத காலமும் போதும். நில அதிர்வுக்கு எதிராகப் பழைய கொங்கிறீட் அணை ஒன்றுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான பலப்படுத்தல் இதுவே. திறப்பு விழா வைக்க முடியாத வேலை என்பதால்தானோ என்னவோ, இதற்குப் பணம் கேட்டுப் பெறுவது எப்போதும் கடினமாக இருக்கிறது.

இனிக் கம்பி. அணையின் உச்சியிலிருந்து கொங்கிறீட்டை ஊடுருவி, அடிப்பாறைக்குள்ளும் ஆழமாக நேர்த்துளை இடுவார்கள். பல உருக்கு இழைகளைச் சேர்த்த தடித்த வடம் ஒன்றை அதற்குள் இறக்கி, அதன் அடிமுனையைச் சீமெந்துக் குழம்பால் பாறையில் பிணைப்பார்கள். குழம்பு இறுகியதும் மேல்முனையை நீரியல் உயர்த்தியால் சில நூறு தொன் விசைக்கு இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த வடம் அணையைக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்தபடியே இருக்கும். 1934இல் அல்ஜீரியாவின் சேர்பாஸ் அணையில் ஒவ்வொன்றும் 1,000 தொன் இழுக்கும் வடங்களை இப்படி இறக்கினார்கள். பழைய அணைகளைக் கட்டிப்போடும் முறை அங்கிருந்துதான் பரவியது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த முல்லைப் பெரியாறு அணை, 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கற்பொடியும் கொண்டு கட்டப்பட்டது; 1979க்குப் பின் அதற்கும் வடம் இறக்கினார்கள். உச்சியில் கொங்கிறீட் பாரம் ஏற்றி, கீழ்ப்பக்கத்தில் கொங்கிறீட் முட்டுக் கொடுத்துச் செய்த வேலையின் ஒரு பகுதி அது.

வடத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அணையின் தலையில் கொங்கிறீட் பாரத்தை ஏற்றினால் சாதாரண நாட்களில் அது அணையை அழுத்திப் பிடிக்கும். நிலம் ஆடும்போதோ, உச்சியில் இருக்கும் அதே பாரம் அணையை ஆட்டும் விசையையும் கூட்டிவிடும். சாட்டையின் நுனி போல அணையின் உச்சிதான் அதிகம் ஆடும். கொய்னா அணையில் 1967இல் வெடிப்பு விழுந்தது அடியில் அல்ல; 103 மீற்றர் உயரமான அந்த அணையின் மேற்பகுதியில், கீழ்ப்பக்கச் சரிவு திடீரென்று மாறும் கழுத்துப் போன்ற இடத்தில், இரு முகங்களிலும் விழுந்தது. வடமோ எடை சேர்க்காமல் அழுத்தம் மட்டும் சேர்க்கிறது. அதனால்தான் கொய்னாவிலும் அவசர மருந்தாக முதலில் வடங்களை இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு ஆறுதலாகக் கீழ்ப்பக்கத்தில் கொங்கிறீட் முட்டுகளைக் கட்டிச் சேர்த்தார்கள்.

எல்லா அணைக்கும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டீர்கள். வடம் துருப்பிடிக்கும். ஈரப் பாறைக்குள், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், இறுக்கி இழுக்கப்பட்ட நிலையில் துரு என்பது சிறிய விடயமல்ல; ஆகவே இக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கொழுப்புப் பூசி இறக்குகிறார்கள், இழுவிசையை அவ்வப்போது அளந்து பார்க்க வசதியும் வைக்கிறார்கள். அடிப்பாறை நொறுங்கலாக இருந்தால் வடம் பிடிக்காது. கீழ்ப்பக்கத்தில் முட்டுக் கட்டுவதற்கோ நிறையக் கொங்கிறீட் வேண்டும்; புதுக் கொங்கிறீட் இறுகும்போது சூடாகிப் பின் குளிர்ந்து சுருங்குவதால், பழையதோடு ஒட்டாமல் விலகி நிற்காதபடி கவனமாகச் செய்ய வேண்டும். வேலை நடக்கும் காலத்தில் நீர்மட்டத்தையும் இறக்கி வைக்க வேண்டி வரும். காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் தொடங்கி லக்ஸபான, பொல்பிட்டிய என்று படிப்படியாகக் கீழே இறங்கி மின்சாரம் தருவதால், மேலே ஒரு குளத்தை இறக்கினால் கீழே பல சுழலிகள் காத்திருக்க நேரிடும். எனவே எந்த அணைக்கு எது தேவை என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளந்து பார்த்தால் பல அணைகளுக்குத் துளைகளைத் திறப்பதோடு வேலை முடிந்துவிடவும் கூடும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாணவர்: கொங்கிறீட்டுக்கு ஐம்பது ஆண்டுகள்தான் ஆயுள் என்று சொல்கிறார்களே?

பதில்: மெல்லிய கம்பிக் கொங்கிறீட் கூரைக்கும் பருமனான அணைக்கும் ஒரே ஆயுளைச் சொல்ல முடியாது. நன்றாகக் கட்டிய அணையின் கொங்கிறீட் பல ஆண்டுகளுக்கு மெல்ல மெல்ல உறுதி கூடிக்கொண்டே போகும். முதுமை வருவது மற்றவற்றுக்கு: மூட்டுகளில் வைத்த அடைப்புப் பட்டைகள், வான்கதவுகளின் உருக்கு, அவற்றைத் தூக்கும் சங்கிலியும் மோட்டாரும், ஏற்கெனவே சொன்ன வடிகால் துளைகள், அளவைக் கருவிகள். ஒரு விதிவிலக்கு உண்டு. சில வகைக் கற்கள் சீமெந்திலுள்ள காரத்தோடு சேர்ந்து வீங்கி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே சிலந்தி வலை போல் வெடிக்க வைக்கும். அதைத் துண்டு துளைத்தெடுத்துப் பரிசோதித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கொத்மலையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அணை கொங்கிறீட் சுவரல்ல, கல்மலை. நிலம் ஆடினால் கல் உருளாதா?

பதில்: 1985இல் முடிந்த கொத்மலை அணை 87 மீற்றர் உயரத்துக்குக் கல் நிரப்பி இறுக்கி, நீர்ப்பக்கத்தில் கொங்கிறீட் போர்வை போர்த்திய அணை. இந்த வகைக்கு இதுவரை வந்த கடினமான பரீட்சை 2008இல் சீனாவின் சிச்சுவானில் நடந்தது. அங்கிருந்த சிப்பிங்பு அணை இதே வகை, 156 மீற்றர் உயரம். 8 அளவை நெருங்கிய நில அதிர்வு அதற்கு அண்மையிலேயே ஏற்பட்டது. அணையின் உச்சி முக்கால் மீற்றர் அளவுக்குத் தாழ்ந்தது, கொங்கிறீட் போர்வையில் பலகைகள் விலகின, சில உடைந்தன, அணை உடையவில்லை. கற்கள் ஆட்டத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன, உருண்டு ஓடுவதில்லை. அன்று அங்கு நீர்மட்டம் தாழ்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உச்சி தாழும் என்பதால், நீர்மட்டத்துக்கும் அணையின் உச்சிக்கும் இடையில் போதிய இடைவெளி விட்டு வைப்பதே இந்த வகைக்கு முதற் பாதுகாப்பு. தேவைப்பட்டால் உச்சியை உயர்த்துவார்கள். கீழ்ப்பக்கச் சரிவில் கல் குவித்து அகலமாக்குவார்கள்.

பயப்பட வேண்டியது தளர்வான மணலையும் வண்டலையும் நீரோடு குழைத்துக் கொட்டிக் கட்டிய பழைய மண் அணைகளைப் பார்த்து. 1971 பெப்ரவரி 9ஆம் திகதி கலிபோர்னியாவில் நிலம் ஆடியபோது, கீழ் சான் பெர்னாண்டோ அணையின் உள்ளிருந்த ஈர மண் சில வினாடிகள் கூழாக மாறி, நீர்ப்பக்கச் சரிவும் உச்சியும் நீர்த்தேக்கத்துக்குள் வழுக்கிப் போயின. நீருக்கும் உடைந்த விளிம்புக்கும் இடையில் எஞ்சியது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். கீழே வாழ்ந்த 80,000 பேரை வெளியேற்றிவிட்டு நீரை இறக்கினார்கள். பழைய அணைகளை நில அதிர்வுக்காக மறுபடி சோதிப்பது உலகெங்கும் தீவிரமானது அதற்குப் பின்தான். நமது நாட்டில் மண் அணைகள் பெரும்பாலும் வறண்ட வலயத்தில் இருக்கின்றன. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நிலம் ஆடவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்: மவுசாகலையில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் கோவில் வெளியே தெரிகிறது, நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்போதெல்லாம் எனக்குப் பயம் அணையைப் பற்றியதல்ல, சுற்றியிருக்கும் மலைகளைப் பற்றியது. நில அதிர்வில் மலை சரிந்து குளத்துக்குள் விழுந்தால்?

பதில்: இம்முறை வந்த கடிதங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது, ஏனென்றால் பொறியியலாளர்களும் சில வேளை மறந்துவிடும் இடத்தில் நீங்கள் விரல் வைத்திருக்கிறீர்கள். 1963 ஒக்டோபர் 9ஆம் திகதி இத்தாலியின் வயோந்த் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலைச்சரிவே வழுக்கி விழுந்தது. எழும்பிய அலை 262 மீற்றர் உயரமான அணையைத் தாண்டிக் குதித்து, கீழே இருந்த ஊர்களில் ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்றது. அணை பெரிய சேதமின்றி இன்றும் அங்கே நிற்கிறது. அங்கு மலையை நழுவவிட்டது நில அதிர்வல்ல. நீர்மட்டத்தை ஏற்றியதும் இறக்கியதும்தான்.

மலையகத்தில் சரிவுகளுக்கு முதல் எதிரி மழையே. மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே மழையில் ஊறிய சரிவுக்கு மிதமான நில அதிர்வும் போதும் என்பதால், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய சரிவுகளை அணையின் ஓர் அங்கமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். செய்யக்கூடியவை கவர்ச்சியானவை அல்ல: சரிவுக்குள் வடிகால் துளைகள் இடுதல், அசைவை அளக்கும் குறிகள் நாட்டுதல், நீர்மட்டத்தை ஒரே நாளில் வேகமாக இறக்காமல் படிப்படியாக இறக்குதல், தேயிலை மலையில் அடைபட்ட கான்களை வெட்டிவிடுதல். கடைசியாகச் சொன்னதைத் தோட்டத்துக் கான் வெட்டும் தொழிலாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் குறைந்துபோன மலைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

அட்டனிலிருந்து ஒருவர்: இவ்வளவு சிரமப்படுவதை விடப் பழைய அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?

பதில்: இடிக்கும் காலத்தில் ஆறு எங்கே போகும் என்று யோசித்தீர்களா? பழைய அணைக்குக் கீழே புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டுப் பழையதை மூழ்கவிட்ட இடங்கள் உலகில் உண்டு. அதற்கு ஏற்ற பள்ளத்தாக்கும் பணமும் மறுபடி ஒரு தடவை ஊரைவிட்டு எழும்பச் சம்மதிக்கும் சனங்களும் வேண்டும்.

லக்ஸபானவுக்குக் கீழே வசிக்கும் ஒரு தாய்: எங்கள் லயம் ஆற்றோரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் வான்கதவு திறக்கும் சைரன் எங்களுக்குப் பழக்கம். நில அதிர்வு வந்தால் அந்தச் சைரன் ஊதுமா? யார் பார்ப்பார்கள்? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெரிய அணைகளுக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியதி ஒன்று உண்டு: பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு தடவை எதிர்பார்க்கக்கூடிய மிகப் பெரிய அதிர்வில் அணை சேதப்படலாம், ஆனால் நீரைக் கட்டுப்பாடின்றி வெளியே விட்டுவிடக் கூடாது. அந்த நியதிக்கு உட்பட்டதே வான்கதவும். அதிர்வுக்குப் பின் நீரை மெதுவாக இறக்க வேண்டிய நேரத்தில்தான் மின்சாரம் போகும். ஆகவே கதவைத் தூக்கத் தனி ஜெனரேட்டர் இருக்க வேண்டும், அது பழுதானால் கையால் சுழற்றித் தூக்கும் வழி இருக்க வேண்டும், கதவைத் தாங்கும் தூண்கள் கோணி அதை இறுக்கிவிடாதபடி பலமாக இருக்க வேண்டும். 1999இல் தாய்வானின் ஷிக்காங் அணையில் பிளவு அணையின் அடியாலேயே ஓடி, மூன்று கதவு வாய்களை நொறுக்கியது.

நிலம் உணரும்படி அதிர்ந்தால், பொறுப்பிலிருப்பவர்கள் அன்றே அணையை நடந்து பார்க்க வேண்டும். சுரங்கத்தில் கசியும் நீரின் அளவு கூடியதா, திடீரென்று நின்றுவிட்டதா, கலங்கலாக வருகிறதா, அணையின் சாய்வைக் காட்டத் தொங்கவிட்ட தூக்குக் குண்டு தன் பழைய புள்ளியை விட்டு விலகியதா, கதவு அசைகிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். கசிவு நின்றுபோவதும் கூடுவதைப் போலவே கவனிக்க வேண்டிய அறிகுறி.

நீங்கள் பார்க்க வேண்டியவை இதை விட எளியவை. மழையில்லாமல் ஆறு கலங்கினால், அணைக்குக் கீழே முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வந்தால், வற்றியிருந்த ஓடையில் திடீரென்று நீர் ஓடினால், கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். நிலம் பலமாக ஆடியதென்றால் சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆற்றின் வழியே ஓடாமல், ஆற்றுக்குக் குறுக்கே, மலைப்பக்கமாக ஏறுங்கள். எந்தப் படிக்கட்டால் ஏறினால் எந்த மேட்டுக்குப் போகலாம், அந்த மேடு மண் சரியாத இடமா என்பதை லயத்திலுள்ள எல்லோரும் வெயில் நாள் ஒன்றில், பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு தடவை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.